பழைய ஹீட் பம்ப்பும் பக்கத்து வீட்டு அக்காவும்

அந்த அக்காவை நினைத்தாலே முதலில் காதில் விழுவது டிரில் மெஷின் சத்தம்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் போர்வைக்குள்ளேயே கிடப்போம், சுவருக்கு அந்தப் பக்கம் டர்ர்ர் என்று ஆரம்பித்துவிடும். "உங்க அக்கா இன்னைக்கு எதை மாட்டறாங்களாம்?" என்று என் கணவர் தலையணையைக் காதோடு அமுக்கிக்கொள்வார். சொந்த அக்கா எல்லாம் இல்லை. நியூ ஜெர்சியில், மான்மவுத் ஜங்ஷனில், சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய டவுன்ஹோம் வரிசையில் எங்களுக்குப் பக்கத்து வீடு, அவ்வளவுதான். அக்காவுக்கு கோபிசெட்டிபாளையம் பக்கம், எனக்கு அம்பத்தூர். நாங்கள் கலிஃபோர்னியாவில் இருக்கிற டப்ளினுக்குக் குடிவந்து வருஷங்கள் ஆகிவிட்டன. இன்னும் அந்த அக்காவை மனசிலிருந்து இறக்கி வைக்க முடியவில்லை.

சுவரில் ஓட்டை போடுவது ஒரு பெரிய விஷயமா என்று நினைப்பீர்கள். எங்கள் தெருவில் அது பெரிய விஷயம்தான். யாரும் ஆணி அடிக்க மாட்டோம். சாமி படத்தைக்கூட ஒட்டுக் கொக்கியில்தான் தொங்கவிடுவோம், உரித்தால் தடம் தெரியாமல் வந்துவிட வேண்டும். எல்லாரும் வேலை விசாவில் இருப்பவர்கள். கிரீன் கார்டுக்கு வரிசையில் நிற்பவர்கள், வரிசையும் நகராது. வேலை போனால் ரெண்டு மாசம் டைம். அதற்குள் விசாவைத் தூக்கிக்கொள்ள இன்னொரு கம்பெனி கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டும். இந்த லட்சணத்தில் எவன் சுவரில் ஓட்டை போடுவான்?

அக்கா போடுவார். படம் மாட்ட, அலமாரி மாட்ட, கரண்டி தொங்கவிட, எல்லாவற்றுக்கும் ஓட்டை. சமையலறை மேடை உயரம் சரியில்லை என்று ஆளைக் கூப்பிட்டு மேடையையே இடித்து இறக்கிக் கட்டினார். பின்னாலிருந்த கையகல மண்ணில் ஒரு பேரிக்காய்க் கன்றைக் கொண்டுவந்து நட்டார். "எப்பக்கா காய்க்கும்?" என்று கேட்டேன். "அது ஆவும் கண்ணு, அஞ்சாறு வருஷம்" என்றார். "அதுவரைக்கும் நாம இங்க இருப்போமாக்கா?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். குழி தோண்டிக்கொண்டிருந்தவர் அப்படியே நிமிர்ந்து என்னைப் பார்த்தார் பாருங்கள், எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "இருக்கமாட்டேன்னு உனக்கு யாராச்சும் வந்து சொன்னாங்களா?" என்று கேட்டுவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

ஊருக்குக் கிளம்புகிறவர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் மூவிங் சேல் போடுவார்கள். சோபா, மிக்ஸி, குழந்தை சைக்கிள் என்று வரிசையாக போட்டோ வரும். நாங்கள் எல்லாம் அதில்தான் வீட்டை நிரப்பினோம். என் டைனிங் டேபிளில் எனக்கு முன்னால் எத்தனை குடும்பம் உட்கார்ந்து சாப்பிட்டதோ தெரியாது. அக்கா அதில் ஒரு ஸ்பூன்கூட வாங்கியதில்லை. கிளம்புகிறவர்களுக்குக் கடைசி நாள் வீட்டில் உட்கார வைத்து இலை போட்டுச் சாப்பாடு போடுவார், ஏர்போர்ட் வரைக்கும் போய் விட்டுவிட்டு வருவார். பொருள் மட்டும் வேண்டாம். "போறவங்க சாமான் இருக்கறவங்களுக்கு எதுக்கு கண்ணு" என்பார்.

ஒரு தடவை குடும்பத்தோடு விசா ஸ்டாம்பிங்குக்கு ஊருக்குப் போனார்கள். ஸ்டாம்பிங் என்றால் ஊரில் அமெரிக்கத் தூதரகத்துக்குப் போய் பாஸ்போர்ட்டில் புது விசா முத்திரை வாங்கி வருவது. திரும்பி வர விடுவார்களோ மாட்டார்களோ என்று வீட்டைப் பாதி காலி செய்துவிட்டுத்தான் போவோம். அக்கா கிளம்புகிற அன்றைக்குக் காலையில் கிரைண்டரில் மாவு ஆட்டி டப்பா டப்பாவாக ஃப்ரீசரில் அடுக்கிக்கொண்டிருந்தார். "வந்து எறங்குனதும் தோசை ஊத்தோணுமல்ல?" என்றார். அங்கே பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு மாசக்கணக்கில் இழுத்தடித்தார்கள். சாவி என்னிடம் இருந்தது. செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போகும்போதெல்லாம் அந்த ஃப்ரீசரைத் திறந்து மாவு டப்பாக்களை எண்ணிப் பார்த்துவிட்டு மூடுவேன். கடைசியில் வந்துவிட்டார்கள். வந்த அன்றைக்குச் சாயங்காலமே தோசை வார்த்து எங்களையும் கூப்பிட்டார், புளிப்பு ஏறிப்போய் வாயில் வைக்க முடியவில்லை. "நல்லாத்தான இருக்குது" என்று அக்கா மட்டும் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

"அவங்களுக்குத் தைரியமா, இல்ல நிலவரம் புரியலையா?" என்று என் கணவர் கேட்பார். எனக்குக் கோபம் வரும். எனக்கு அந்த அக்கா மேல் அப்படி ஒரு பிரியம். அவரைப் பார்த்துத்தான் நானும் வந்த நாளிலிருந்து கட்டியே வைத்திருந்த அட்டைப் பெட்டிகளைப் பிரித்தேன், ஜன்னலுக்கு அளவெடுத்துத் திரைச்சீலை தைத்துப் போட்டேன்.

அக்காவின் வீட்டுக்காரர் இதற்கு நேரெதிர். நான் அவரை அண்ணா என்று கூப்பிடுவேன். நல்ல மனுஷன், ஆனால் எப்போதும் பஸ் ஸ்டாண்டில் நிற்பவர் முகம். எல்லார் பாஸ்போர்ட்டும் ஒரு பையில், அந்தப் பை வாசல் கதவுக்குப் பின்னால். வீடு வாங்கியதே அக்காவின் பிடிவாதத்தில்தான். அக்கா ஓட்டை போடும்போது அண்ணா கீழே முறத்தைப் பிடித்துக்கொண்டு விழுகிற சுண்ணாம்பை வாங்குவார். "விக்கிறப்ப இதெல்லாம் அடைக்கணும்" என்பார். "ஏனுங், மூஞ்சியத் தள்ளி வெச்சுப் புடிங், கண்ணுல தூசி விழுவும்" என்பார் அக்கா. ஒரே பெண், வர்ஷா, ஹைஸ்கூல். நாம் தமிழில் கேட்டால் அது இங்கிலீஷில் பதில் சொல்லும்.

ஒரு ஜனவரியில் அண்ணாவுக்கு வேலை போய்விட்டது. காலையில் வீடியோ காலில் கூப்பிட்டு, டீம் மொத்தத்தையும் எடுக்கிறோம் என்று சொல்லி, பேசி முடிப்பதற்குள் அவர் லேப்டாப் லாக் ஆகிவிட்டதாம். எங்களுக்கு விஷயம் தெரிந்ததே, அண்ணா பகல் வேளையில் வெளியே நின்று காய்ந்த மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்ததால்தான். அக்காவிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் போய் உட்கார்ந்தேன். "வெசனப்படாத கண்ணு, வேற கெடைக்கும்" என்று அக்கா எனக்கு ஆறுதல் சொன்னார். எனக்கு!

அதே வாரம் அவர்கள் வீட்டு ஹீட் பம்ப் படுத்துவிட்டது.

ஹீட் பம்ப் பார்க்க நம் ஊர் ஏ.சி.யின் வெளி யூனிட் மாதிரிதான் இருக்கும். கோடையில் வீட்டுச் சூட்டை வெளியே தள்ளும். குளிர்காலத்தில் அதையே தலைகீழாகச் செய்து, வெளிக்காற்றிலிருந்து சூட்டை இழுத்து உள்ளே கொடுக்கும். பனிக்குள் நிற்கிற மெஷினுக்குச் சூடு எங்கிருந்து கிடைக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கு இன்றைக்கும் புரிந்ததில்லை. எங்கள் காலனியில் காஸ் லைன் கிடையாது, எல்லார் வீட்டுக்கும் இதுதான் கதி. அவர்கள் வீட்டு யூனிட் அந்த வீட்டைக் கட்டியபோது வைத்தது. ரெண்டு மூன்று குளிர்காலமாகவே முனகிக்கொண்டிருந்தது, இப்போது கடகடவென்று கல் மாட்டிய மிக்ஸி மாதிரி சத்தம். மாடியில் சூடே ஏறவில்லை. அது ஓடாவிட்டால் கைகொடுக்க உள்ளே ஒரு கரண்ட் ஹீட்டர் இருக்கிறது, ஆனால் அந்த ஊர்க் குளிருக்கு அது ஒன்றை நம்பி எத்தனை நாள் ஓட்ட முடியும்?

டெக்னீஷியன் வந்தான். வாட்டசாட்டமான வெள்ளைக்காரப் பையன், அவசரம் அவசரமாகப் பேசினான். காயிலில் லீக், யூனிட்டுக்குள் இருக்கிற ஏ.சி. காஸ் போய்க்கொண்டே இருக்கிறது, ஃபேன் மோட்டாரும் தேய்ந்துவிட்டது. ஒட்டுப் போட்டு மோட்டாரை மாற்றித் தரலாம், ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ ஓடலாம், நாளைக்கே நிற்கவும் செய்யலாம், கேரண்டி எல்லாம் கிடையாது. இல்லாவிட்டால் மொத்தத்தையும் எடுத்துவிட்டுப் புதுசு போடலாம், அதற்குப் பத்து வருஷம் வாரண்டி. "பெரிய குளிர் ஒண்ணு வருது, எங்ககிட்ட ஆள் கம்மி, ரெண்டு நாள்ல சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியேறிப் போய்விட்டான்.

அந்த ரெண்டு நாளும் அந்த வீட்டுக்குள் நுழையவே எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் போய்க்கொண்டிருந்தேன். ஒரு பாத்திரம் சாம்பார், ஒரு ஃபிளாஸ்க் காபி என்று ஏதாவது சாக்கு. அக்கா ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு லேப்டாப்பில் புது யூனிட் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங், இதுல சத்தமே வராதாமா. பத்து வருஷம் வாரண்டியாமா."

"நமக்கே ரெண்டு மாசம்தான் வாரண்டி" என்றார் அண்ணா.

நான் காபியைக் கீழே வைத்தேன். அக்கா லேப்டாப்பை மூடவில்லை.

"அப்படிப் பேசாதீங். வேலை வந்துரும்."

"வரலைன்னா? நாம கிளம்பிப் போயிடுவோம். எவனுக்கோ புது மெஷின் மாட்டிக் கொடுத்துட்டுப் போகணுமா? ஒட்டுப் போட்டா இந்தக் குளிர் தாண்டும். அவ்வளவுதான வேணும் நமக்கு?"

"உங்களுக்கு எப்பவுமே அவ்வளவுதான் வேணும்" என்றார் அக்கா. "இந்த மாசம் தாண்டோணும், இந்த வருஷம் தாண்டோணும். அந்தப் பேச்சைக் கேட்டிருந்தா இந்நேரம் பாயில படுத்துட்டு இருப்போம்."

"அம்மா, ஜஸ்ட் ஃபிக்ஸ் இட்" என்றாள் வர்ஷா, படியில் உட்கார்ந்துகொண்டு, கம்பளிக் குல்லாவோடு. "வீ மே நாட் ஈவன் பி ஹியர்."

அக்கா திரும்பி மகளைப் பார்த்தார். அண்ணா சொன்னபோதெல்லாம் அசையாதவர், அவள் வாயிலிருந்து அது வந்ததும் ஒரு நொடி ஆடிப்போய்விட்டார். "நீ போயிப் படி அம்மிணி. கிளாஸ்ல போயி நான் இங்க இருப்பனோ மாட்டனோன்னு உக்காந்திருக்காத" என்றார். குரல் வேறு மாதிரி இருந்தது.

குரூப்பில் வேறு ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். யாரோ அண்ணாவுக்கு வேண்டியவர் கேட்டுப் போட்டிருந்தார் போல. "காஸ் அடிச்சாப் போதும், என் மச்சான் அம்பத்தூர்ல ஏ.சி. கடைதான் வெச்சிருக்கான்" என்று ஒருத்தர். "இந்த நேரத்துல புதுசா? பைத்தியமா?" என்று ஒருத்தர். கலிஃபோர்னியாவில் குபெர்டினோவுக்கு மாறிப்போன ஒரு மகராசன், "இங்கெல்லாம் ஹீட்டே போடத் தேவையில்லை" என்று சிரிக்கிற பொம்மையோடு. அண்ணாவின் வேலை போனது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது என்பது அந்த மெசேஜ்களிலேயே தெரிந்தது. அக்கா எல்லாவற்றையும் படித்தார். ஒருத்தருக்கும் பதில் போடவில்லை.

ரெண்டாவது நாள் மத்தியானம் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நாளைக்குக் காலைல அந்த மெஷின்காரன் வர்றான். நான் புதுசுன்னே சொல்லிரலாம்னு இருக்கறேன்" என்றார். எனக்குப் பெரிய நிம்மதி. அது ஏன் எனக்கு நிம்மதியாக இருக்க வேண்டும் என்று கேட்டால், சொல்கிறேன்: அக்கா புதுசு போட்டால் அவர்கள் எங்கும் போக மாட்டார்கள் என்று தோன்றியது. அவர்கள் போகாவிட்டால் நாங்களும் போக மாட்டோம். முட்டாள்தனம்தான். ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் பனி மழை வரும் என்று எச்சரிக்கை வந்தது. வானத்திலிருந்து விழும்போது தண்ணீர், தரையைத் தொட்டதும் ஐஸ். அண்ணா என்ன செய்திருக்கிறார், கராஜில் கிடந்த நீலத் தார்ப்பாயை எடுத்துவந்து அந்த வெளி யூனிட்டைச் சுற்றிப் போர்த்தி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருக்கிறார். ஊரில் மழைக்காலத்தில் ஸ்கூட்டரை அப்படித்தான் மூடுவோம், மொட்டை மாடி ஏ.சி. யூனிட்டுக்கும் அப்படித்தான் போர்வை. நான் பார்த்திருந்தாலும் நல்ல காரியம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஏ.சி.யைக் குளிர்காலத்தில் மூடலாம், அது சும்மா நிற்கிறது. ஹீட் பம்ப் குளிர்காலத்தில்தான் வேலை செய்கிறது, வெளிக்காற்றை இழுக்கிறது என்று எங்களில் யாருக்கு உறைத்தது? அந்தப் பழசு இன்னும் கொஞ்சம் தாங்கிவிட்டால் அக்கா மனசு மாறுவார் என்று அண்ணா நினைத்திருக்கிறார், பாவம்.

காலையில் வர்ஷா எங்கள் கதவைத் தட்டினாள். ஜாக்கெட், கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு நின்றாள், உதடு நீலம் பாரித்திருந்தது. "ஆன்ட்டி, இட்ஸ் ஃப்ரீஸிங் இன்சைட்" என்றாள். அவளை உள்ளே இழுத்து ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு நான் ஓடினேன். வெளியே எல்லாம் கண்ணாடி பூசிய மாதிரி ஐஸ், கம்பியைப் பிடித்துப் பிடித்துத்தான் நடக்க முடிந்தது.

டெக்னீஷியன் வந்திருந்தான். அவன் யூனிட் பக்கத்தில் குனிந்து நின்று, விறைத்துப்போன தார்ப்பாயைக் கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தான். அறுத்து இழுத்ததும் உள்ளே பார்த்தால் ஃபேன் தெரியவில்லை. வெறும் ஐஸ் கட்டி. காற்றுக்கு வழியில்லாமல் மூச்சு முட்டி, திணறித் திணறி உறைந்துபோயிருக்கிறது.

"ஹூ கவர்ட் திஸ்?" என்று கேட்டான். சத்தமாகத்தான் கேட்டான், திட்டுகிற மாதிரியே இருந்தது.

அண்ணா அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். கயிறு அவர் கையில் இருந்தது. நான் அந்த முகத்தைப் பார்த்தேன். வேலை போன அன்றைக்குக்கூட அந்த முகம் அப்படி இல்லை.

"ஐ டிட்" என்றார் அக்கா.

அவன் அக்காவைப் பார்த்து, ஹீட் பம்ப்பை யாராவது மூடுவார்களா, தன் வேலையில் இத்தனை வருஷத்தில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்று என்னென்னவோ சொன்னான். அக்கா தலையாட்டிக்கொண்டே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். "சாரி, சாரி, ஐ டிட் நாட் நோ" என்றார். சாரி என்ற வார்த்தையை அந்த அக்கா சொல்லி நான் கேட்டதே இல்லை. அண்ணா அறுந்த தார்ப்பாயை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். ஐஸ் பிடித்திருந்ததால் அது மடியவில்லை. அவர் விடாமல் மடித்துக்கொண்டே இருந்தார், யாரையும் பார்க்கவில்லை.

டெக்னீஷியன் வெந்நீர் ஊற்றி, தட்டிப் பார்த்து, ஏதோ சோதித்துவிட்டு வந்தான். கம்ப்ரஸர் தப்பித்துவிட்டது, ஆனால் இனி அதை நம்ப முடியாது என்றான். டேப்லெட்டை எடுத்துக்கொண்டான். "சோ, நியூ சிஸ்டம்?"

அக்கா, சொல்லுங்கக்கா, சொல்லிவிடுங்கள் என்று மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன்.

அக்கா அண்ணாவின் முதுகைப் பார்த்தார்.

"ரிப்பேர்" என்றார்.

"மேம், ஆர் யூ ஷூர்?"

"ரிப்பேர். ஜஸ்ட் ரிப்பேர்."

அண்ணா மடிப்பதை நிறுத்திவிட்டார். ரெண்டு நாளாக அவர் கேட்டுக்கொண்டிருந்தது அதுதான், கிடைத்துவிட்டது. ஆனால் ஜெயித்தவர் மாதிரியா நின்றார்? தார்ப்பாயை அப்படியே கீழே போட்டுவிட்டு கராஜுக்குள் போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. யார் மேல் கோபம் என்றுகூடத் தெரியவில்லை. உள்ளே போனதும், "ஏன்க்கா? புதுசுன்னுதானே சொன்னீங்க?" என்று கேட்டேன். அக்கா கரண்ட் அடுப்பைப் போட்டுக் கையைக் காட்டிக்கொண்டிருந்தார். "அவரு மூஞ்சியப் பாத்தயா கண்ணு?" என்றார்.

ஒட்டுப் போட்டார்கள், மோட்டாரை மாற்றினார்கள், பழசு மறுபடி ஓட ஆரம்பித்தது. வெளியே நின்றால் சத்தம் கேட்கும், உள்ளே ஏதோ சூடு வந்தது. வேலைதான் வரவில்லை. அண்ணா தினமும் சட்டை மாற்றி, தலை சீவி, லேப்டாப் முன்னால் உட்கார்ந்து யார் யாருக்கோ தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். சுவர் வழியாக அந்தக் குரல் எங்களுக்கு மெதுவாகக் கேட்கும், ஒரே வாக்கியங்கள் திரும்பத் திரும்ப. ஊரில் வர்ஷாவுக்கு எந்தப் பள்ளிக்கூடம் சரிவரும் என்று விசாரிக்கக்கூட ஆரம்பித்துவிட்டார்கள். இனிமேல் ஒன்றும் நடக்காது என்று நாங்கள் எல்லாரும் வாய்விட்டுச் சொல்லாமல் இருந்த கடைசி வாரத்தில், பக்கத்தில் எடிசனில் ஒரு சின்னக் கம்பெனி எடுத்துக்கொண்டது, விசாவையும் சேர்த்து. என் கணவர் கராஜ் வாசலிலேயே அண்ணாவைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். தெருவே கேசரி சாப்பிட்டது. அக்காவும் சிரித்தார், எல்லாருக்கும் தட்டில் வைத்துக் கொடுத்தார்.

அப்புறம் ஏப்ரல் பிறந்து, ஒரு சனிக்கிழமை. நான் அக்காவின் சமையலறையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், அக்கா எதிரில். அண்ணா போனைப் பிடித்துக்கொண்டு துள்ளாத குறையாக உள்ளே வந்தார். அந்த மனுஷனை நான் அப்படி ஒரு நாளும் பார்த்ததில்லை, பத்து வயசு குறைந்தவர் மாதிரி இருந்தார். லைனில் அந்த ஹீட் பம்ப் கம்பெனிக்காரன், ஸ்பீக்கரில்.

"நீ பாத்து வெச்சிருந்தியே, அதே மாடல். சத்தம் வராதது. பத்து வருஷம் வாரண்டி. வர்ற வாரமே வந்து போட்டுடுவானாம். ஓகே சொல்லிடட்டுமா?"

அக்கா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வேண்டாங்."

அண்ணா சிரித்தார். அக்கா விளையாடுவதாக நினைத்துவிட்டார். "ஏய், நிஜமாத்தான். நானேதான் கேக்கறேன். புதுசு போடலாம்."

"ஓடுதல்லங். இது போதும்."

"போதுமா? நீயா பேசறே?" அவர் என் பக்கம் திரும்பினார். "நீயாவது சொல்லும்மா."

"போடச் சொல்லுங்கக்கா" என்றேன். "அதான் எல்லாம் சரியாயிடுச்சே. இனிமே என்ன?"

அக்கா கையிலிருந்த தண்டை உடைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இத்தன வருஷமா அவரு எங்க எல்லாருக்கும் சேத்துப் பயந்துட்டு இருந்தாரு கண்ணு. நான் பாட்டுக்கு இருந்தேன், எனக்குத் தெரியவேயில்லை. அன்னைக்கு அந்தத் தார்ப்பாயை வெச்சுட்டு நின்னாரு பாரு..." கையிலிருந்த தண்டைக் கீழே வைத்தார். "எல்லாம் சரியாயிருச்சு, நெசந்தான். ஆனா இப்ப எனக்குப் பயமா இருக்குது."

போனில் அந்த ஆள், "சார்? ஆர் யூ ஸ்டில் தேர்?" என்று ரெண்டு தடவை கேட்டான். அண்ணா, "நாட் நவ்" என்று சொல்லிப் போனை அணைத்துவிட்டு, அக்காவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.